காப்பியின் தரத்தை நாவால் அறியும் விதம்

நெசவாளர் நூலை வாங்குமுன் இழையை விரலிடையே உருட்டிப் பார்க்கிறார்; நெய்து முடித்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். நெல் விளைவிப்பவர் தம் அரிசியையே சமைத்து உண்கிறார். ஆனால் மலைப்பகுதிச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் நாம் கண்ட விந்தை யாதெனில், காப்பி விளைவிக்கும் உறுப்பினருள் பலர் தம் தோட்டத்துக் காப்பியைத் தனியே சுவைத்தறியார் என்பதே. கொட்டையை விற்றுவிட்டுக் கடைத்தூளை வாங்கிக் குடிப்போரும் உளர். கடைத்தூள் பெரும்பாலும் சிக்கரி சேர்ந்தது, கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது விதி, எஞ்சியது சிக்கரியாயிருக்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்ந்தபின் கொட்டையின் குணம் எங்கே தெரியப் போகிறது? அக்கலவையை நாம் பழிக்கவில்லை. காலையில் அதை விரும்பிக் குடிப்பவர்களே நாமும். குடிப்பது வேறு, சோதிப்பது வேறு.

இந்நிலைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் திரட்டில் சேர்த்துவிட வேண்டும். விற்பனை வாரியத்தின் பொறுப்பு. அவ்வேற்பாடு 1990-களில் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு 1996-இல் முடிவுற்றது. அன்று முதல் விலை பேசும் பொறுப்பு விளைவிப்போரைச் சார்ந்தது. வாங்க வரும் பெரிய வியாபாரியோ சுவைத்துப் பார்த்தே விலை சொல்கிறார். இருவருள் ஒருவரே சரக்கை அறிந்திருக்கும் பேரத்தில் துலாக்கோல் எப்பக்கம் சாயும் என்பதை உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இக்காலத்தில் ‘ஸ்பெஷாலிட்டி காப்பி’ என்று ஒன்று பேசப்படுகிறது. 1974-இல் எர்னா நுட்சென் என்ற அமெரிக்கக் காப்பி வணிக அம்மையார் வழக்கில் கொணர்ந்த பெயர் இது. குறிப்பிட்ட ஓரிடத்து மண்ணாலும் தட்பவெப்பத்தாலும் தனிச்சுவை பெற்ற காப்பி என்பது கருத்து. சுவைத்து நோக்கி 100-க்கு 80 புள்ளியும் அதற்கு மேலும் பெறுவதை அவ்வகையில் சேர்ப்பது வணிகத்தில் நெடுநாளைய வழக்கம்.

சுவைத்து நோக்கும் முறை கடினமானதன்று. கொட்டையை இளவறுவலாக வறுக்க வேண்டும். கருக வறுத்தால் எல்லாக் காப்பியும் ஒரே கசப்பாகிவிடும்; குற்றமும் மறையும், குணமும் மறையும். வறுத்தபின் 8 மணி நேரமேனும் ஆறவிட்டு, 24 மணி நேரத்திற்குள் சோதித்துவிட வேண்டும். ஒரு மாதிரிக்கு ஐந்து கோப்பைகள். ஒவ்வொரு கோப்பைக்கும் உரிய கொட்டையைத் தனித்தனியே நிறுத்துத் தனித்தனியே அரைக்க வேண்டும். 150 மில்லி நீருக்கு 8.25 கிராம் என்பது அளவு. முதலில் உலர்ந்த தூளை முகர்க. பின்னர், கொதித்து இறக்கிச் சற்றே தணிந்த நீரை, ஏறத்தாழ 93 பாகை வெப்பத்தில், தூளின்மேல் ஊற்றுக. தூள் மேலே மிதந்து ஆடைபோல் மூடிக்கொள்ளும். நான்கு நிமிடம் கழித்து மூக்கைக் கோப்பையருகே வைத்துக்கொண்டு, கரண்டியால் அவ்வாடையை விலக்க வேண்டும். அப்பொழுது எழும் மணம்தான் காப்பி தன்னைப்பற்றிச் சொல்லும் முதற்செய்தி. மிதப்பதை எடுத்துவிட்டு, வாய் பொறுக்கும் சூடானதும் ஒரு கரண்டி எடுத்து ஓசையுடன் உறிஞ்ச வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் முன்னிலையில் செய்தால் வசவு கிடைக்கும். எனினும் அவ்வாறு உறிஞ்சினால்தான் திரவம் நா முழுதும் பரவி, மணம் மூக்கின் உட்புறம் ஏறும். ஆறஆற மீண்டும் சுவைக்க வேண்டும். சூட்டில் ஒளிந்திருந்த குற்றம் ஆறியபின் வெளிப்படும். நல்ல காப்பியின் இனிப்பும் அப்படியே.

புளிப்பைக் கண்டவுடன் கெட்ட காப்பி என்று தள்ளிவிடலாகாது. கீழ்ப்பழனி மலையில் காப்பியின் ஊடே பயிராகும் ஆரஞ்சின் புளிப்பைப் போன்று துலக்கமாயிருப்பது அராபிகாவின் சிறப்பு. காடிபோலப் புளித்து நாவைச் சுளிக்க வைப்பதே குற்றம்; பறித்த பழத்தை உடனே தோலுரிக்காமல் குவித்து வைத்ததன் விளைவாக அது இருக்கக்கூடும். துவர்ப்பு மிகுந்தால் பச்சைக்காய் கலந்துள்ளது என்று ஐயுறலாம். மண்வாடையும் பூஞ்சண வாடையும் உலர்களத்தையும் கிடங்கையும் சுட்டுகின்றன. காப்பி பிற மணங்களை எளிதில் ஏற்பது. ஆதலின் மிளகு மூட்டையருகே அதை அடுக்குதல் தகாது.

ஐந்து கோப்பை எதற்கு, ஒன்று போதாதா என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. ஒரு சங்கத்தில் நேர்ந்ததைச் சொல்கிறோம். பெரியவர் ஒருவரின் சரக்கில் துர்நாற்றம் இருப்பதாகச் சொல்லி வியாபாரி விலையைக் குறைத்தார். இது வாங்குவோர் சூழ்ச்சி என்று பெரியவர் கொதித்தார். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அச்சரக்கைச் சோதித்தோம். நான்கு கோப்பைகள் குற்றமற்றவை. அவற்றுள் இரண்டு மிக நல்லவை. மூன்றாவது கோப்பையை முகர்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அழுகல் நாற்றம். அளவுக்கு மீறிப் புளித்த கொட்டை ஒன்று ஒரு கோப்பை முழுவதையும் கெடுக்கவல்லது. அவர் தோட்டத்துப் பல்பர் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தபொழுது இடுக்குகளில் முந்திய நாட்களின் கொட்டைகள் சிக்கியிருந்தன. அவை அழுகி, ஒவ்வொன்றாக அடுத்த நாள் சரக்கில் விழுந்து வந்திருக்கின்றன.

வியாபாரி சொன்னது பொய்யன்று. எனினும் அவர் குறைத்த அளவு நியாயமானதா என்பது வேறு வினா. அதை வாதிட அன்று பெரியவர் கையில் சான்று ஏதுமில்லை. இப்பொழுது அவர் நாள்தோறும் மாலையில் இயந்திரத்தையும் தொட்டியையும் கழுவுகிறார். விற்குமுன் சங்கத்து மேசையில் தம் மாதிரியை வைத்துக் குறிப்பெழுதி வாங்கிச் செல்கிறார்.

அம்மேசைக்கு வேண்டியவை சில கோப்பைகள், கரண்டி, சிறு தராசு, அரைக்கும் கருவி, வறுக்கும் சட்டி. துப்புவதற்கு ஒரு பாத்திரமும் அவசியம். முப்பது கோப்பை சுவைத்து அனைத்தையும் விழுங்கியவருக்கு அன்றிரவு உறக்கம் இராது என்பது நம் சொந்த அனுபவம்.