மின்கார் சந்தா: கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

மின்கார் வாங்கக் கடன் பெறும் வாடிக்கையாளர்களுக்குச் சாவியோடு சேர்ந்து இன்னொன்றும் இப்போது கைக்கு வருகிறது. அது மின்னேற்ற நிறுவனத்தின் சந்தா அழைப்பு. மாதந்தோறும் ஒரு தொகையைச் செலுத்தினால், அந்நிறுவனத்தின் நிலையங்களில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தள்ளுபடி கிடைக்கும் என்பது அதன் சாரம். பார்த்த உடனே இலாபமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு உண்மையில் யாருக்கு இலாபம்? சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலான சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நாம் கணக்கிட்டுப் பார்த்தோம்.

இந்தச் சாலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்னை, வேலூர், பெங்களூரு ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் திருமலைக்கு வருவோரின் வண்டிகள் இவ்வட்டாரத்தில்தான் கூடுகின்றன. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 70 கி.மீ. காலையில் சென்று மாலையில் திரும்பும் அலுவலர், காணிப்பாக்கத்திற்கும் காளஹஸ்திக்கும் பக்தர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் ஓட்டுநர், ஆண்டுக்குச் சில முறை வரும் குடும்பம் என மூன்று வகைப் பயணிகளையும் இங்கே காணலாம். இம்மூவருக்கும் ஒரே சந்தா பொருந்துமா என்பதே நம் கேள்வி.

ஒரே ஒரு வகுத்தல்

நிறுவனத்திற்கு நிறுவனம் கட்டணம் வேறுபடுகிறது. மின்னேற்றம் என்பது மின்சார விற்பனை அன்று, அது ஒரு சேவை. அதற்கு மின்விநியோக உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதன்பின் பல தனியார் நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. மின்சாரச் செலவு, இடவாடகை, இயந்திரத்திற்கான முதலீடு ஆகியவற்றைப் பொறுத்து நிறுவனங்கள் விலை வைக்கின்றன. எனவே எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல், புரிதலுக்காக ஒரு விலையை நாமே வைத்துக்கொள்வோம்.

விரைவு மின்னேற்றத்திற்கு யூனிட்டுக்கு 20 ரூபாய். சந்தாதாரருக்கு 17 ரூபாய். சந்தா மாதம் 600 ரூபாய். இரண்டுக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி. தள்ளுபடி 3 ரூபாய் என்பதால், 600ஐ 3ஆல் வகுத்தால் 200 கிடைக்கிறது. வரி இரு பக்கமும் ஒரே விகிதத்தில் சேர்வதால் இந்த விடை மாறாது. அதாவது, அந்த ஒரு நிறுவனத்தின் நிலையங்களில் மாதம் 200 யூனிட்டுக்கு மேல் ஏற்றுபவருக்கே சந்தா இலாபம். ஒரு யூனிட்டில் 7 கி.மீ. ஓடும் காருக்கு இது 1,400 கி.மீ. ஓட்டத்திற்குச் சமம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். 'நான் மாதம் 3,000 கி.மீ. ஓட்டுகிறேன், எனவே சந்தா எனக்கு ஏற்றது' என்று எண்ணுகிறார்கள். கணக்கில் சேர வேண்டியது ஓட்டும் தூரம் அன்று. வீட்டிற்கு வெளியே, அதுவும் அந்த ஒரே நிறுவனத்திடம் வாங்கும் யூனிட் மட்டுமே.

அலுவலரின் கணக்கு

சித்தூரில் வீடும் திருப்பதியில் பணியும் உள்ள ஒருவர், மாதம் 24 நாள், நாளுக்கு 140 கி.மீ. ஓட்டுகிறார் என்போம். மொத்தம் 3,360 கி.மீ.; தேவை 480 யூனிட். இவ்வளவையும் வெளியே ஏற்றினால் வரியுடன் 11,328 ரூபாய் ஆகும். சந்தா கட்டினால், சந்தாத் தொகையும் வரியும் உட்பட ஏறத்தாழ 10,337 ரூபாய். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மகிழலாம்.

ஆனால் அவர் வீட்டில் கார் நிறுத்த இடமும் ஒரு 15 ஆம்பியர் செருகியும் இருந்தால்? அதில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். ஒரு நாளைக்குத் தேவையான 20 யூனிட், தூங்கி எழுவதற்குள் ஏறிவிடும். இருக்கும் மின் இணைப்பைக் கொண்டே வீட்டில் மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

வீட்டு மின்சாரம் எப்போதும் மலிவு என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஆந்திரத்தில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விகிதப்படி, 126 முதல் 225 யூனிட் வரை 6 ரூபாய். 226 முதல் 400 வரை 8.75 ரூபாய், 400க்கு மேல் 9.75 ரூபாய். வீட்டுக்கு ஏற்கெனவே மாதம் 150 யூனிட் செலவாகும் குடும்பம் காருக்காக 480 யூனிட் கூட்டினால், அந்தக் கூடுதல் யூனிட்டுகள் முழுவதும் மேல்படிகளில்தான் விழும். 75 யூனிட்டுக்கு 450, அடுத்த 175க்கு 1,531, மீதி 230க்கு 2,243 ரூபாய் என ஏறத்தாழ 4,224 ரூபாய் ஆகிறது. சராசரியாக யூனிட்டுக்கு 8.80 ரூபாய். மின்வரியும் பிற சரிக்கட்டுக் கட்டணங்களும் இதற்கு மேல். அப்படியும் வெளியே ஏற்றுவதில் பாதிச் செலவைக்கூட இது எட்டவில்லை.

மின்வாகனங்களுக்கெனத் தனிக் கட்டணப் பிரிவும் ஆந்திரத்தில் உண்டு. இவ்வட்டாரத்தின் மின்விநியோக நிறுவனத்திற்குத் திருப்பதியிலேயே தலைமையகம் இருக்கிறது. தனி இணைப்பு எடுப்பது ஆதாயமா, வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டுமா என்பவற்றை உள்ளூர் மின் அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

இவ்வாறு வீட்டில் ஏற்றுபவர் எப்போதேனும் வெளியே 50 யூனிட் ஏற்றலாம். அதில் தள்ளுபடி 150 ரூபாய். சந்தாவோ 600 ரூபாய். மாதம் 450 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 5,400 ரூபாயை, வரி நீங்கலாக, அவர் காரணமின்றி இழப்பார்.

ஓட்டுநரின் கணக்கு

வாடகைக் கார் ஓட்டுநரின் நிலை வேறு. வாடகை வீடு, தெருவோரம் வண்டி நிறுத்தம். வீட்டில் ஏற்ற வழியில்லை. மாதம் 4,480 கி.மீ. ஓடினால் 640 யூனிட் தேவை. அத்தனையும் ஒரே நிறுவனத்தில் ஏற்றினால் தள்ளுபடி 1,920 ரூபாய். சந்தா போக 1,320 ரூபாய் மிச்சம். பிள்ளையின் பள்ளி வண்டிக் கட்டணத்திற்கு உதவக்கூடிய தொகை இது.

ஆனால் பயணியின் விருப்பப்படியே அவர் வண்டி ஓடுகிறது. இன்று திருத்தணி வழியாகச் சென்னை, நாளை பலமனேர் வழியாகப் பெங்களூரு. பசிக்கும் இடத்தில் கிடைத்த உணவகத்தில் சாப்பிடுவது போல, மின்கலம் குறையும் இடத்தில் கிடைத்த நிலையத்தில்தான் ஏற்ற முடியும். பாதி யூனிட் வேறு நிறுவனங்களுக்குச் சென்றால், மிச்சம் 360 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆகவே அவர் பார்க்க வேண்டியது நாட்டில் அந்நிறுவனத்திற்கு எத்தனை நிலையங்கள் என்பதை அன்று. தாம் வழக்கமாக ஓடும் மூன்று நான்கு சாலைகளில் எத்தனை உள்ளன, அவை பழுதின்றி இயங்குகின்றனவா, வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பவையே முக்கியம். காத்திருக்கும் ஒரு மணி நேரம் அவருக்கு ஒரு சவாரியின் வருமானம்.

நிலையான பாதையில் மொத்த ஏற்பாடு பலன் தரும் என்பதற்குத் திருப்பதியிலேயே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் திருமலைப் பாதையில் மின்பேருந்துகளைத் தொடங்கியது. நாள்தோறும் அதே பாதை, அதே பணிமனை. நாளைக்கு எத்தனை யூனிட் தேவை என்பது இன்றே தெரியும். உங்கள் பயணமும் அப்படித் திட்டமாக இருந்தால் சந்தா பயன் தரும்.

குடும்பத்தின் கணக்கு

இரண்டு மாதத்திற்கொருமுறை சென்னையிலிருந்து சுவாமி தரிசனத்திற்கு வரும் குடும்பத்திற்குச் சந்தாவே வேண்டியதில்லை. சென்று திரும்பச் சுமார் 280 கி.மீ., அதாவது 40 யூனிட். புறப்படும்போதே வீட்டில் முழுவதும் ஏற்றிக்கொண்டால், வழியில் ஒரு முறை ஏற்றினால் போதும்.

மலையேற்றம் குறித்த அச்சமும் தேவையற்றது. திருப்பதியிலிருந்து திருமலை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்கென்று கூடுதலாகச் செலவாவது சுமார் 4 யூனிட் மட்டுமே. இறங்கும்போது அதில் ஒரு பகுதி மின்கலத்திற்கே திரும்பும். இந்த அச்சத்திற்காகச் சந்தா கட்ட வேண்டாம்.

பணம் செல்லும் வழி

வங்கி இதழ் என்ற முறையில் நாம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது இப்பகுதி. சந்தாக்கள் பெரும்பாலும் தானாகப் புதுப்பிக்கப்படுகின்றன. இத்தகைய தொடர் பிடித்தங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். கொடுத்த ஒப்புதலை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். காரை விற்ற பின்னும் சந்தா போய்க்கொண்டிருக்க இடம் தர வேண்டாம்.

செயலியின் பணப்பையில் முன்கூட்டியே பெருந்தொகையைப் போட்டு வைப்பதும் வேண்டாம். அந்நிறுவனத்தின் சேவைக்கு மட்டுமே பயன்படும் அப்பணத்திற்கு வட்டி கிடையாது. உங்கள் சேமிப்புக் கணக்கு போல அதற்கு வைப்புக் காப்பீடும் இல்லை. புதிய காருடன் ஓராண்டு இலவச மின்னேற்றம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அவ்வாண்டு முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

முடிவெடுக்கும் முன்

முதல் இரண்டு மாதம் சந்தா இல்லாமலே ஓட்டிப் பாருங்கள். எங்கே, எத்தனை யூனிட், என்ன விலைக்கு ஏற்றினீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பின்னர் சந்தாத் தொகையை யூனிட் தள்ளுபடியால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைவிட அந்நிறுவனத்திடம் நீங்கள் வாங்கிய யூனிட் கூடுதலாக இருந்தால் தயங்காமல் சேரலாம். ஆண்டுச் சந்தாவைவிட மாதச் சந்தாவில் தொடங்குவது பாதுகாப்பு. எண் குறைவாக இருந்தால், அந்த 600 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் போடுங்கள். ஓராண்டு முடிவில் 7,200 ரூபாயும் வட்டியும் உங்கள் கையில் இருக்கும். காரும் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும்.