டிஃபால்ட் யார் பக்கம்?

ஒரு மென்பொருளை நிறுவிவிட்டு எந்த அமைப்பையும் தொடாமல் விட்டால் அது எப்படி நடந்துகொள்கிறதோ, அதுதான் டிஃபால்ட். பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே என்பார் அதை எழுதியவர். மாற்றுகிறவர்கள் சொற்பம். ஓடுகிறதா, சரி, அடுத்த வேலையைப் பார் என்பதுதான் புரோகிராமர்களின் வழக்கம். ஆகவே டிஃபால்ட்டைத் தீர்மானிக்கிறவர், தான் கண்ணாலேயே பார்க்கப்போகாத எத்தனையோ சர்வர்களுக்கும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

பிஎச்பி மொழியில் ‘ரெஜிஸ்டர் குளோபல்ஸ்’ என்றொரு வசதி இருந்தது. வெப்சைட்டின் படிவத்தில் ‘பெயர்’ என்ற பெட்டியை ஒருவர் நிரப்பி அனுப்பினால், புரோகிராமுக்குள் அதே பெயரில் ஒரு வேரியபிள் தானாக முளைத்துவிடும். எடுத்துவர ஒரு வரிகூட எழுத வேண்டாம். புதிதாகக் கற்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிஎச்பி அத்தனை வேகமாகப் பரவியதில் இந்த மாதிரி சலுகைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இப்போது ஒரு லாகின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வரி: கடவுச்சொல் சரியென்றால் ‘அனுமதி’ என்ற வேரியபிளில் 1 என்று போடு. இரண்டாவது வரி: ‘அனுமதி’ 1 என்றால் உள்ளே விடு. கடவுச்சொல் தப்பென்றால் ‘அனுமதி’ காலியாகவே இருக்கும், ஆள் வெளியே. படித்துப் பார்த்தால் குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் வெளியாள் ஒருவர் பிரவுசரில் அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘அனுமதி=1’ என்று சேர்த்து என்டர் தட்டினால் போதும். அந்த வேரியபிளை அவரே உண்டாக்கிவிடுகிறார். கடவுச்சொல்லே தெரியாமல் உள்ளே போய்விடுவார்.

தொடக்கத்திலேயே ‘அனுமதி’க்கு 0 என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த ஓட்டை இல்லை. எழுதாவிட்டாலும் புரோகிராம் ஓடியது, அதனால் பலர் எழுதவில்லை. 2002 ஏப்ரலில் வந்த பிஎச்பி 4.2.0-இல் இந்த வசதியை டிஃபால்ட்டாக அணைத்தார்கள். பழைய வெப்சைட்டுகள் வேலை செய்யாமல் நின்றன. வாடிக்கையாளர்களிடம் யார் பேச்சு வாங்குவது என்று ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் அதைத் திரும்பவும் போட்டுவிட்டன. மொழியிலிருந்தே அதை எடுத்தது 2012-இல், 5.4 பதிப்பில். போட்டுவைத்த ஒரு சலுகையைத் திரும்ப வாங்கப் பத்து ஆண்டு.

இப்படியான டிஃபால்ட்டுகள் வருவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. புதுக் கருவி ஒன்றை எடுத்துப் பார்க்கிறவர் அதற்குத் தருவது ஐந்து நிமிடம். அதற்குள் கடவுச்சொல் வை, சான்றிதழ் கொண்டுவா என்று கேட்டால் மூடிவிட்டுப் போட்டிக் கருவிக்குப் போய்விடுவார். சுலபம் அன்றைக்கே தெரிகிறது. ஆபத்து பல மாதம் கழித்து, பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் தலையில் விடிகிறது.

மாங்கோடிபி என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்புகள் கடவுச்சொல் இல்லாமல், எந்தப் பக்கத்திலிருந்து வரும் இணைப்பையும் ஏற்றுக்கொள்ளும்படி நிறுவப்பட்டன. சொந்தக் கம்ப்யூட்டரில் பழகிப் பார்க்க இதைவிட வசதி கிடையாது. அதே அமைப்போடு இணையத்தில் ஏற்றியவர்கள் 2017 ஜனவரியில் மாட்டினார்கள். தாக்கியவர்கள் பல்லாயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, திருப்பித் தர பிட்காயின் கேட்டுக் குறிப்பு வைத்துப் போனார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து, அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்படி டிஃபால்ட் மாறியது. லினக்ஸுக்கான தொகுப்புகளில் இந்தக் கட்டுப்பாடு 2.6-லேயே வந்துவிட்டது. அடிபட்டவர்களில் பலர் அதற்கும் பழைய பதிப்பை ஓட்டியவர்கள், அல்லது வேலை நடக்கவில்லை என்று தாங்களே திறந்துவிட்டவர்கள்.

டிஃபால்ட்டை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பைத்தான்காரர்களின் பைஒய்ஏஎம்எல். அமைப்புக் கோப்புகளைப் படிக்க உதவும் நூலகம் இது. இதில் ‘லோட்’ என்றும் ‘சேஃப் லோட்’ என்றும் இரண்டு கட்டளைகள். பழைய பதிப்புகளில் வெறும் ‘லோட்’, கோப்புக்குள் தந்திரமாக எழுதிவைத்த வரிகள் இருந்தால் அவை சொல்லும் கட்டளையை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிவிடும். வெறுமனே ஒரு கோப்பைப் படிக்கப்போனவருக்கு இது எங்கே தெரியும்? ஆபத்தானதற்குச் சின்னப் பெயர், பாதுகாப்பானதற்கு நீளமான பெயர் என்று வைத்தால் கை எதைத் தட்டச்சு செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2018-இல் 4.1 பதிப்பில் ‘லோட்’டையே பாதுகாப்பானதாக மாற்றிப் பார்த்தார்கள். அதை நம்பியிருந்த புரோகிராம்கள் உடையவே அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2019-இல் 5.1-இல் எச்சரிக்கை காட்டினார்கள். அதோடு கொண்டுவந்த நடுத்தர ஏற்பாட்டிலும் ஓட்டைகள் தெரியவந்தன. 2021-இல் 6.0 வந்தபோது எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது: ‘லோட்’டுக்கு டிஃபால்ட்டே கிடையாது. எந்த முறையில் படிக்க வேண்டும் என்று எழுதினால்தான் அது ஓடும். தட்டச்சு சற்றுக் கூடியது, ஆனால் யோசிக்காமல் யாரும் ஆபத்தானதைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது. புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், அவற்றை சர்வருக்கு அனுப்பும் ‘புஷ்’ கட்டளையின் டிஃபால்ட்டை மாற்றியவர்களும் அவசரப்படவில்லை. மாறப்போகிறது என்று 2012 முதல் திரையில் சொல்லிச் சொல்லி, 2014-இல் 2.0 வந்தபோதுதான் மாற்றினார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிடலாம் என்றால் அதுவும் எடுபடாது. தொல்லை தரும் பாதுகாப்பை மனிதர்கள் அணைத்துவிடுவார்கள். பைலைத் திறக்க முடியவில்லை என்றால், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற பொருளுள்ள 777-ஐப் போட்டு அனுமதியைத் திறந்துவிடுவதை எந்த ஆபீஸிலும் பார்க்கலாம். லினக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸுக்கும் இந்தக் கதிதான். 2004-இல் ஃபெடோரா கோர் 2 வந்தபோது கடுமையான விதிகள் அன்றாட வேலைகளையே மறித்ததால் அதை அணைத்தே வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஃபெடோரா கோர் 3-இல், வெளியுலகத்தோடு பேசும் சில சேவைகளை மட்டும் கண்காணிக்கும்படி விதிகளைச் சுருக்கினார்கள். அப்படிச் சுருக்கிய பிறகுதான் டிஃபால்ட்டாகவே போட்டுவைக்க முடிந்தது. அப்படியும், ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவும் வழிகாட்டியைத் திறந்தால், முதல் படியாக ‘எஸ்இலினக்ஸை அணைக்கவும்’ என்று எழுதியிருப்பது இன்றைக்கும் கண்ணில் படுகிறது.