கோடையில் கோழிக்குக் குளிர்ந்த நீர்

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் கோழிகளின் குடிநீர் உறைந்துவிடும். எங்கள் திருவண்ணாமலையிலோ தொல்லை தலைகீழ். அக்கினி நட்சத்திரத்தில் மலைப்பாறை மாலையிலும் அனல் வீசும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அதன் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து மூச்சிரைத்து, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைத் தணித்துக் கொள்கிறது. ஆகவே கோடையில் தீனியைக் குறைத்துத் தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும். அந்நீர் சூடேறினால் குடிப்பது குறையும், முட்டை குறையும், உயிரே போவதும் உண்டு.

தகரத் தட்டு நண்பகலில் கையைச் சுடும். எனவே நாங்கள் மண்சட்டியே வைக்கிறோம். அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. (எனாமல் கிண்ணம் அழகுதான், கோழிக்கு அழகு எதற்கு?) வேப்பமர நிழலில், ஈரமணல்மேல் சட்டியை வைத்து, பகலில் மும்முறை நீர் மாற்றுகிறோம். பாசி பிடித்தால் துளைகள் அடைபடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.