பாம்பும் படம் எடுக்கும், நாங்களும் எடுக்கிறோம்

மழைக்காலம் தொடங்கினால் நிக்டியில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும். "மாமா, வாசலில் ஒரு பாம்பு, விஷமுள்ளதா பாருங்கள்" என்பார்கள். நானும் மூன்று நண்பர்களும் பாம்பு தேடிப் படம் எடுக்கப் போவது தெரிந்ததிலிருந்து கிடைத்த மரியாதை இது. இப்போது சிலர் தங்கள் பிள்ளைகளையும் உடன் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம். ஆனால் பெற்றோர் முதலில் இதைப் படித்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் எங்களுக்கு சீசன். வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும், தவளைகளும் பெருகிவிடும், பாம்பு வெளியே வந்தே ஆகவேண்டும். துர்கா டெக்டிப் பக்கம் சாரைப் பாம்பு தென்படும். ஆகுர்டியில் லோக்கல் ஏறி லோணாவளா போனால் மூங்கில் விரியனுக்கு வாய்ப்புண்டு. இரவில் டார்ச் அடித்தால் தவளையின் கண், சிலந்தியின் கண்ணெல்லாம் மின்னும். பாம்பின் கண் அப்படிக் காட்டிக்கொடுக்காது. செடியில் கிளைகள் போகிற போக்குக்குச் சற்று மாறாக ஒரு வளைவு தெரிகிறதா என்றுதான் தேட வேண்டும். தண்டவாளத்தின் கோணலைக் கண்ணாலேயே பார்த்துப் பழகிய எனக்கு இது கொஞ்சம் கைகொடுக்கிறது. மூங்கில் விரியன் பச்சை இலையோடு இலையாக மணிக்கணக்கில் அசையாமல் இரைக்குக் காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சிறு குழியால் இரையின் உடல் சூட்டை உணர்ந்துகொள்ளும்.

நாங்கள் பாம்பின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் போவதில்லை. அதற்குத்தான் தூரத்து லென்ஸ். இளைஞர்கள் கைப்பேசியை அதன் முகத்தருகே நீட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிடித்து வைத்துப் படம் எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நாலு பாம்புகளின் பெயரை மராத்தியிலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலும் பாம்பு பிடிக்க வரும் சர்ப்பமித்ரரிடமும் அதுதான் செல்லும். நாகம் அவர்களுக்கு நாக், கட்டுவிரியன் மண்யார், கண்ணாடி விரியன் கோணஸ், சுருட்டை விரியன் புர்ஸே. இவற்றில் கட்டுவிரியன்தான் மோசம். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது, கடிவாயும் சரியாகத் தெரியாது. இதைப் போலவே பட்டை போட்ட ஓநாய்ப் பாம்புக்கு விஷமில்லை. அதற்குப் பட்டைகள் கழுத்தருகே அழுத்தமாக இருந்து வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. ஆனாலும் பட்டையை எண்ணிக்கொண்டு யாரும் கிட்டே போகவேண்டாம்!

நம்மவர்கள் பெருமைப்பட ஒரு செய்தி. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி பல்லாண்டுகளாக நம் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் ஒரே வகைப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுவதால், அந்த மருந்து எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தவிர, மருந்து மேற்சொன்ன நாலு பாம்புக்குத்தான். மூங்கில் விரியனுக்குக் கிடையாது.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, பெரிய அரசு அல்லது மாநகராட்சி மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். மருந்து இருக்கிறதா என்று வழியிலேயே போனில் கேட்டுக்கொள்ளலாம். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை; நாலுக்கும் ஒரே மருந்துதான்.

பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கணுக்கால் மூடும் பூட்ஸும் தனி டார்ச்சும் கொடுத்தனுப்புங்கள். செருப்புக் காலோடு வருகிறவரை ஆகுர்டி ஸ்டேஷனிலிருந்தே வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம்.