கையெழுத்துக்கு முன் 21 நாள்

பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே, ஏரியும் ரயில் பாதையும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுமாகப் பரந்துகிடக்கும் கொரட்டூரில், 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த காலந்தொட்டு, காலை ஷிப்டுக்குப் போகிறவர்களைக் கொண்டே பொழுது விடிகிறது என்றால் அது மிகையன்று. லேத்திலும் பிரஸ்ஸிலும் சி.என்.சி. மெஷினிலும் நின்று ஜீவனம் நடத்தும் இந்தக் குடும்பங்களின் சம்பளம், வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், சீட்டுப் பணம், வண்டித் தவணை என்று கைக்கு வருமுன்பே பங்கு போடப்பட்டுவிடுவதால், அதில் நூற்றுக்குப் பத்துக் குறைக்கப்போவதாக நிர்வாகம் பிரஸ்தாபிக்கிற தினத்தில் வீட்டில் விழுகிற துண்டு நூற்றுக்குப் பத்தோடு நிற்பதில்லை. மிச்சம் என்று எஞ்சியிருந்த சொற்பத் தொகை முழுவதுமே போய்விடுகிறது.

அந்தப் பிரஸ்தாபம் பெரும்பாலும் சத்தமின்றியே வருகிறது. மாதக் கடைசியில், ஷிப்ட் முடிந்து கையிலுள்ள கிரீஸைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும் வேளையில், "ஆபீஸுக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்கண்ணே" என்று ஆள் வரும். மேஜைமேல் அரைப் பக்கத்துக்கு ஒரு தாள் இருக்கும். ஸ்தாபனத்தின் நிதி நிலைமையை உத்தேசித்து இன்ன தேதி முதல் இன்ன தொகையைப் பெற்றுக்கொள்ளத் தாம் மனப்பூர்வமாகச் சம்மதிப்பதாகத் தொழிலாளியே விண்ணப்பித்துக்கொள்ளும் பாவனையில், ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள். "ஆர்டர் இல்லண்ணே, ஆறு மாசம் பொறுத்துக்குங்க, எல்லாரும் போட்டுட்டாங்க" என்று சொல்லி, மூடியைக் கழற்றியே பேனாவை நீட்டுவார்கள். குறைப்பது முதலாளியின் ஏகபோக அதிகாரமாக இருக்குமானால் இத்தனை உபசாரம் எதற்கு என்று அந்த நேரத்தில் எவருக்கும் தோன்றுவதில்லை. அந்தச் சம்மதம் இல்லாமற்போனால் குறைப்பு சுலபத்தில் செல்லுபடியாகாது என்பதைத் தாளை நீட்டுகிறவர் அறிவார்; பேனாவை வாங்குகிறவர்தாம் அறியார்.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1956-ல் சேர்க்கப்பட்ட 9-ஏ பிரிவு, சம்பளம், படிகள், வேலை நேரம் முதலியவற்றில் மாறுதல் செய்ய உத்தேசிக்கும் முதலாளி, பாதிக்கப்படக்கூடிய தொழிலாளர்களுக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றும், கொடுத்து 21 நாட்கள் கழியுமுன் அந்த மாறுதலை அமலாக்கலாகாது என்றும் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் தன் 40-ஆம் பிரிவில் இதே விதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 21 நாள் கழிந்தால் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதற்குள் தொழிலாளர்களோ சங்கமோ தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் ஆட்சேபணை தெரிவித்துத் தகராறு எழுப்பிச் சமரச நடவடிக்கை தொடங்கிவிடுமானால், அது முடியும்வரை, அந்த அதிகாரியின் எழுத்துபூர்வமான அனுமதியின்றி, தகராறுக்குரிய சம்பள நிபந்தனையில் கைவைக்க முதலாளிக்கு அதிகாரமில்லை. அஸ்ஸாமில் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் தன் ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த ஈட்டுப் படியை இந்த அறிவிப்பின்றி நிறுத்தியது செல்லாது என்று 1975-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இவ்வளவு எதற்கு? கோவிட் காலத்தில் எம்.பி.க்களின் சம்பளத்தை ஓராண்டுக்கு நூற்றுக்கு 30 வீதம் குறைப்பதற்குப் பார்லிமெண்டே சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

சம்பளக் குறைப்பின் சரித்திரத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளின் 1925-ஆம் வருஷத்துக் கதையை நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஜப்பானியத் துணியின் போட்டியால் நஷ்டம் என்று சொல்லி, ஆலை முதலாளிகளின் சங்கம் அவ்வாண்டு செப்டம்பரில் கூலியை நூற்றுக்குப் பதினொன்றரை வீதம் குறைத்தது. லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறி, இரண்டரை மாதத்துக்கு மேலாகப் பட்டினியோடு நின்றார்கள். லங்காஷயர் முதலாளிகளின் நலனுக்காக இந்தியத் துணிமேல் 1896 முதல் விதிக்கப்பட்டிருந்த மூன்றரை சதவீத எக்சைஸ் வரி அப்பொழுதும் நீடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் கூலியைக் குறைக்க மாட்டோம் என்றும் முதலாளிகள் சொல்லிவந்தார்கள். டிசம்பர் மாதம் சர்க்கார் அந்த வரியை நிறுத்திவைத்தது. குறைத்த கூலியும் திரும்பி வந்தது. ஆலையின் நஷ்டத்துக்குப் பரிகாரம் வேறு இடத்தில் இருக்க, கைக்கு எட்டிய தொழிலாளியின் கூலியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதே அந்த நிகழ்ச்சியின் சாரம்.

நம் எஸ்டேட்டிலும் இது பொருந்துகிறது. இங்குள்ள சிறு பட்டறை முதலாளிகளின் கஷ்டம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. 2019-ல் வாகன விற்பனை சரிந்தபோது பாடியின் பெரிய ஆலைகளே வேலையில்லா நாட்களை அறிவிக்க நேர்ந்ததென்றால், அவற்றுக்குப் பாகம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. ஆனால் சிறு உற்பத்தியாளருக்குச் சேர வேண்டிய பணத்தை வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனியிடம் அந்த 45 நாளைக் கேட்கத் தயங்குகிற முதலாளி, லேத்தில் நிற்கிறவரிடம் ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லத் தயங்குவதில்லை. நிஜமாகவே நஷ்டத்தில் நடக்கும் ஸ்தாபனம் கூலியைத் திருத்தியமைக்கக் கேட்கலாம் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் 1957-ல் கிரௌன் அலுமினியம் வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே மட்டும் எக்காரணத்தாலும் இறங்கக்கூடாது என்று வரம்பும் கட்டியிருக்கிறது. ஆகவே, குறைக்கக் கேட்கிறவர் கணக்கைக் காட்ட வேண்டும். எத்தனை மாதம், எந்தத் தேதியில் பழைய சம்பளம் திரும்பும், மேலே இருப்பவர்களுக்கும் குறைந்ததா என்பவற்றையெல்லாம் எழுத்தில் கேட்பது அகந்தையன்று.

தற்காலிகம் என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திடுகிறவர்கள், முக்கியமாக ஓய்வுக்கு அருகில் இருப்பவர்கள், கிராஜுவிட்டியை மறந்துவிடுகிறார்கள். கடைசியாகப் பெற்ற சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் மறுபடியும் பெருக்குவதே அதன் கணக்கு. கணக்கில் வரும் சம்பளம் ரூ.26,000-மாக இருந்து 20 வருஷம் உழைத்தவருக்கு ரூ.3,00,000 கிடைக்கும். அதே மனிதர் நூற்றுக்கு 20 குறைப்புக்குச் சம்மதித்து, குறைந்த சம்பளத்திலேயே ஓய்வு பெற்றால் கிடைப்பது ரூ.2,40,000. குறைப்பு ஆறு மாதத்துக்குத்தான். நஷ்டமோ இருபது வருஷத்து உழைப்பின்மேல் விழுகிறது.

மேற்பார்வை உத்தியோகத்தில் ரூ.18,000-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கும் மானேஜர்களுக்கும் இந்த 21 நாள் பாதுகாப்புக் கிடையாது என்பது சட்டத்தின் பெருங்குறை. இருப்பினும் இரு தரப்பின் சம்மதமின்றி ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்ற 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு. அம்பத்தூர் ஐ.டி. கட்டிடங்களில் வேலை பார்க்கிறவர்கள், விசிட்டிங் கார்டில் என்ன பட்டம் அச்சிட்டிருந்தாலும், செய்கிற வேலையின் தன்மையைக் கொண்டே தொழிலாளியா அல்லவா என்பது தீர்மானிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

கொரட்டூர் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. தாளை நீட்டிய அன்றே கையெழுத்திடாதீர்கள். "நகல் குடுங்க சார், வீட்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்ல எந்தச் சட்டஞானமும் தேவையில்லை. கேளாமலே குறைத்துவிட்டார்களானால் அந்த மாதமே ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். பேசாமல் ஒரு வருஷம் வாங்கிக்கொண்டிருந்தால் மௌனத்தையே சம்மதமாக எதிர்த்தரப்பு வக்கீல் வாதிப்பார். சம்பளச் சீட்டுகளையும் பாஸ் புத்தகத்தையும் பத்திரமாக வையுங்கள். அனுமதியின்றிப் பிடித்த கூலியைக் கேட்டு மனுச் செய்யப் பழைய சட்டம் 12 மாதமே அவகாசம் கொடுத்தது. இப்பொழுது அமலிலிருக்கும் கூலிச் சட்டத் தொகுப்பு மூன்று வருஷம் கொடுக்கிறது.