புகைக்கரிக்குத் தனிக் கணக்கு ஏன் தேவை?

பழைய டீசல் லோரி கக்கும் கரும்புகையும், கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் படியும் கரியும் நமக்குப் பழகிப்போனவை. எரிபொருள் முழுமையாக எரியாதபோது உண்டாகும் இந்தப் புகைக்கரி, நுரையீரலைக் கெடுப்பதோடு பூமியையும் சூடாக்குகிறது.

கரியமில வாயு பல நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும். புகைக்கரியோ சில நாள்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். ஆனால், இருக்கும்வரை வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். அதனால், இதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

எப்படி அளப்பது?

1888-இல் ரிங்கல்மேன் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டம் போட்ட அட்டையோடு புகையின் கருமையை ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய கருவிகள் காற்றை வடிதாளில் இழுத்து, தாள் எவ்வளவு கறுக்கிறது என்பதை ஒளியால் கணக்கிடுகின்றன.

மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான ஐபியு, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களை மொத்தமாகவே எடுத்துக்கொள்கிறது. அதில் புகைக்கரி எவ்வளவு என்று குறியீடு காட்டாது. காட்டுத்தீப் புகையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் துகள்களும் நிறைய உண்டு. டீசல் புகையில் கரியே அதிகம். எடை ஒன்றானாலும் சூடாக்கும் அளவு வேறு. தனிக் கணக்கு தேவைப்படுவது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1997 கியோட்டோ ஒப்பந்தத்தின் பட்டியலில் வாயுக்கள் மட்டுமே இருந்தன. 2012-இல் திருத்தப்பட்ட கோத்தன்பர்க் நெறிமுறைதான் புகைக்கரியை முதலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. மலேசியா அதில் உறுப்பு நாடு அல்ல. பருவநிலை உறுதிமொழியிலேயே இதைச் சேர்த்த நாடு மெக்சிகோ: 2030-க்குள் 51 விழுக்காடு குறைப்பதாக 2015-இல் அறிவித்தது. நாடுகள் ஒரே முறையில் கணக்கெடுப்பதற்கான வழிகாட்டியை ஐநாவின் பருவநிலை அறிவியல் குழு 2027-இல் வெளியிடத் திட்டமிட்டுள்ளது.

இங்கு டீசல் வாகனப் புகையின் கருமைக்கு வரம்பு உண்டு. 2021 ஏப்ரலில் யூரோ 5 டீசலும் கட்டாயமானது. ஆனால், வடிகட்டி இல்லாத பழைய லோரியில் நல்ல டீசல் ஊற்றினாலும் கரி முழுதும் நிற்காது.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. அதை அன்றாடம் சுவாசிப்பவர்கள் லோரி ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், நெடுஞ்சாலையோரக் குடியிருப்பாளர்கள். கையில் ஓர் எண் இருந்தால்தான் அவர்களின் புகார் வெறும் புலம்பலாகப் போகாமல், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக மாறும்.