உப்பு கூடினால் பல் வேகமாக நகருமா?

பல்லில் கம்பி போட்டிருக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இதை எப்போது கழற்றுவார்கள்?" என்பதுதான். பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள்வரை ஆகும். காரணம், பல் மாதத்திற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். நாம் உண்ணும் உப்பு இந்த வேகத்தை மாற்றக்கூடும் என்கிறது ஓர் ஆய்வு. இது நல்ல செய்திதானா? முதலில் பல் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம்.

இடிப்பவையும் கட்டுபவையும்

பல் தாடை எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்த்திசு ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அந்தப் பக்கத்து நார்த்திசு நசுங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் அது இழுபடுகிறது.

நசுங்கிய பக்கத்தில் 'ஆஸ்டியோகிளாஸ்ட்' எனும் உயிரணுக்கள் திரள்கின்றன. இவை அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து எலும்பைக் கரைக்கும். இழுபட்ட பக்கத்தில் 'ஆஸ்டியோபிளாஸ்ட்' எனும் உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டும். முன்னே வழி திறக்கிறது, பின்னே இடைவெளி அடைபடுகிறது. பல் மெல்ல நகர்கிறது. ஆக, கம்பி அழுத்தம் மட்டுமே கொடுக்கிறது. பல்லுக்கு இடம் அமைத்துக் கொடுப்பவை நம் எலும்பு உயிரணுக்கள்.

சுண்டெலிகள் சொன்ன செய்தி

ஜெர்மனிய ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளுக்கு உப்பு குறைந்த, வழக்கமான, மிகுந்த உணவுகளைத் தனித்தனியே கொடுத்தார்கள். அவற்றின் முதல், இரண்டாம் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிறு ரப்பர் பட்டையைச் செருகி, பல்லை நகரச் செய்தார்கள்.

உப்பு மிகுந்த உணவு பல்லின் நகர்வை விரைவுபடுத்தியது. ஆனால், அதே எலிகளில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது; பல்லைத் தாங்கும் எலும்பும் தேய்ந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் தனியாக வளர்த்த ஆஸ்டியோகிளாஸ்டுகளும் கூடுதல் உப்பில் அதிகச் சுறுசுறுப்புடன் இயங்கின.

இறுகிய மண்ணில் நட்ட கம்பத்தை அசைப்பது கடினம். மழையில் ஊறிய மண்ணில் அதே கம்பம் எளிதாகச் சாய்ந்துவிடும். அந்த எலிகளின் பல்லும் அப்படித்தான். இடிக்கும் வேலை மிஞ்சி, பிடிமானம் தளர்ந்ததால் கிடைத்த வேகம் அது.

சுண்டெலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், உப்புக்கும் எலும்புக்கும் உள்ள வேறொரு தொடர்பு மனிதரிடமே கண்டறியப்பட்டது. மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும்போது, அதனுடன் கால்சியமும் சேர்ந்து போகிறது. ஒரு தேக்கரண்டி உப்பில் உள்ள ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் சோடியம் வெளியேறும்போது, சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் சிறுநீரில் இழப்பாகிறது. உணவில் போதிய கால்சியம் இல்லையென்றால், அந்தக் குறையை எலும்புதான் ஈடுகட்ட வேண்டும்.

நம் தட்டில் எவ்வளவு?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியப் பெரியவர்களோ சராசரியாக 7.9 கிராம் உண்கிறார்கள் என்று 2017, 2018ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய அளவிலான ஆய்வு காட்டியது.

கம்பி போட்ட பிள்ளைகள் இங்கே கூடுதல் கவனம் காட்ட வேண்டும். கம்பியை இறுக்கிய சில நாள்களுக்குப் பல் வலிக்கும். கடிக்க முடியாமல் உடனடி மீ, சோயா கிச்சாப் ஊற்றிய கஞ்சி என்று மென்மையான உணவைத் தேடுவோம். உப்பு ஒளிந்திருப்பதும் அங்கேதான். பொட்டலத்தில் 'சோடியம்' என்று போட்டிருக்கும் அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 1,600 மில்லிகிராம் சோடியம் என்றால் 4 கிராம் உப்பு. ஒரு நாள் அளவில் பெரும்பகுதி ஒரே வேளையில் முடிந்துவிட்டது!

மசாலாத் தூளில் பாதியை மட்டும் போடுங்கள். சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். தயிர்ச்சோறு, அவித்த முட்டை, இட்லி ஆகியவையும் கடிக்க எளியவைதான். தயிரும் பாலும் கால்சியமும் தரும்.

கம்பியைக் கழற்றிய பின்னும் பல் மீண்டும் பழைய இடத்திற்குத் திரும்பப் பார்க்கும். அதனால்தான் மருத்துவர் 'ரிட்டெய்னர்' அணியச் சொல்கிறார். நகர்ந்த பல் புதிய இடத்தில் நிலைத்து நிற்க, அதைச் சுற்றி உறுதியான எலும்பு உருவாக வேண்டும். ஆகவே, கம்பி எவ்வளவு சீக்கிரம் கழலும் என்று மட்டும் பார்க்காமல், பல்லைத் தாங்கப்போகும் எலும்பையும் சேர்த்துக் கவனிப்போம்.